ஜெயிக்க ஆரம்பிச்சாச்சு, இப்போ கோச்சை என்ன பண்றது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஃபுட்பால் கோச்சுங்க வேலை எவ்வளவு நாள் நிக்கும்னு ரெண்டு பத்தி எழுதினதுக்கு, வந்த கடிதம் பூரா ஒரே சண்டை. தோத்துட்டு இருந்த டீமை தூக்கி நிறுத்தின கோச்சை வெச்சுக்கணுமா, அனுப்பணுமா, கையோட கான்ட்ராக்ட் நீட்டணுமா. அதனால இந்த வாரம் அதை மட்டும் எடுத்துக்கிட்டேன், மத்த கேள்வியெல்லாம் அடுத்த வாரம்.

கே: எங்க டீம் சீசன் ஆரம்பத்துல கடைசி இடத்துல கெடந்துது. அப்போ ‘கோச்சே வெளியே போ’ன்னு பேனர் புடிச்ச அதே கும்பல், இப்போ வரிசையா ஜெயிச்சு நடு டேபிளுக்கு வந்ததும் ‘அஞ்சு வருஷ கான்ட்ராக்ட் குடு’ங்கிறாங்க. என் நண்பனும் அந்த கட்சிதான். நான் மே மாசம் வரைக்கும் பொறுடான்னு சொன்னா நன்றி கெட்டவன்னு திட்டுறான். யார் சொல்றது சரி?

ப: நீங்க சொல்றதுதான். உங்க நண்பர் கோச்சைப் பத்தி நினைக்கிறது தப்புன்னு சொல்லல, அவசரம்தான் தப்பு. இதுக்கு ஓலே குன்னர் சோல்ஷேர் கதையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2018 டிசம்பர்ல கோச் மொரினியோவை அனுப்பிட்டு மான்செஸ்டர் யுனைடெட் இவரை தற்காலிகமா கூப்பிட்டாங்க, சீசன் முடியற வரைக்கும்னு பேச்சு. முதல் 19 மேட்ச்ல 14 ஜெயிச்சாரு. அதுல 2019 மார்ச் 6 ராத்திரி பாரிஸ்ல, சாம்பியன்ஸ் லீக்ல பி.எஸ்.ஜி.கூட நடந்ததை பார்த்தவங்க மறக்கவே மாட்டாங்க. முதல் லெக்ல, அதாவது ரெண்டு மேட்ச் சேர்த்துப் பார்க்கற சுற்றோட முதல் மேட்ச்ல, சொந்த மண்ணுல 0-2, டீம்ல பாதிப் பேருக்கு காயம், பெஞ்சுல சின்னப் பசங்க. லுகாகு ரெண்டு கோல் போட்டாரு, அதுல ஒண்ணு பி.எஸ்.ஜி. டிஃபென்ஸ் தூக்கிக் குடுத்தது, இன்னொண்ணு அவங்க கோல்கீப்பர் பஃபான் கையிலேர்ந்து நழுவினது. கடைசி நிமிஷத்துல டாலோ அடிச்ச பந்து கிம்பெம்பே கையில பட்டுச்சு, ரெஃப்ரி வி.ஏ.ஆர்.ங்கிற வீடியோ ரீப்ளே ஸ்க்ரீன்கிட்ட போய் பார்த்து பெனால்டி குடுத்தாரு, ராஷ்ஃபோர்ட் அடிச்சாரு, 3-1, யுனைடெட் அடுத்த சுற்றுக்குப் போயிட்டாங்க. அன்னிக்கு டிவியில முன்னாள் யுனைடெட் ஆட்டக்காரர் ரியோ ஃபெர்டினாண்ட், கான்ட்ராக்டை மேஜை மேல வைங்க, என்ன நம்பர் வேணுமோ அவரே எழுதிக்கட்டும்ங்கிற மாதிரி பேசினாரு. மூணே வாரத்துல, மார்ச் 28ம் தேதி, மூணு வருஷ கான்ட்ராக்ட் வந்துடுச்சு.

அப்புறம் மிச்சம் இருந்த பத்து மேட்ச்ல ஜெயிச்சது ரெண்டு. எவர்ட்டன்கிட்ட 0-4. ஏற்கனவே கீழ் டிவிஷனுக்கு எறங்கிட்ட ஹடர்ஸ்ஃபீல்டுகூட டிரா, கடைசி நாள் சொந்த மைதானத்துல கார்டிஃப்கிட்ட 0-2, அவங்களும் எறங்கினவங்கதான். ஆறாவது இடம்.

இதை வெச்சு ஓலே ஒண்ணுத்துக்கும் ஆகாதவர்னு நான் சொல்ல வரல. அடுத்த ரெண்டு சீசன் மூணாவது, ரெண்டாவதுன்னு முடிச்சாரு. ஆனா மார்ச் மாசமே கையெழுத்து போட வேண்டிய அவசரம் என்னங்கிறதுதான் கேள்வி. அவரை யாரும் கொத்திட்டுப் போக வரிசையில நிக்கல, மே வரைக்கும் அவர் எப்படியும் அங்கதான் இருக்கப் போறாரு. பொறுத்திருந்தா அந்த பத்து மேட்சையும் சேர்த்துப் பார்த்து முடிவு பண்ணியிருக்கலாம், ஒருவேளை அதே முடிவே வந்திருக்கலாம், ஆனா கண்ணைத் திறந்துக்கிட்டு எடுத்த முடிவா இருந்திருக்கும். இன்னொண்ணு, 2021 ஜூலைல திரும்பவும் 2024 வரைக்கும்னு புது கான்ட்ராக்ட் குடுத்தாங்க, நாலே மாசத்துல வாட்ஃபோர்ட்கிட்ட 1-4 தோத்ததும் அனுப்பிட்டாங்க. உங்க நண்பர்கிட்ட இதையும் சேர்த்து சொல்லுங்க.

கே: புது கோச் வந்த உடனே டீம் ஜெயிக்குதே, அது எப்படி? அதே பதினோரு பேர்தானே?

ப: பாதி நேரம் கோச் மாறலன்னாலும் ஜெயிச்சிருப்பாங்க, அதுதான் யாருக்கும் புடிக்காத பதில். நெதர்லாந்துல பாஸ் டெர் வீல்னு ஒரு பொருளாதார ஆய்வாளர், 1986லேர்ந்து 2004 வரைக்கும் டச்சு லீக்ல கோச்சைத் தூக்கின டீமையெல்லாம் எடுத்தாரு. அதோட நிறுத்தல, அதே மாதிரி மோசமா போய்ட்டு இருந்தும் கோச்சைத் தூக்காம விட்ட டீமையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாரு. தூக்கினவங்களும் மீண்டாங்க, தூக்காதவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு மீண்டாங்க. தானா எறங்கப் போற காய்ச்சலுக்கு கடைசி நாள் மாத்திரை குடுத்த டாக்டருக்குப் பேர் கிடைக்கிற மாதிரிதான் இது.

ஏன்னா ஒரு கோச்சைத் தூக்கறது எப்போ? டீமோட சராசரியை விட ரொம்ப கீழ போனப்போ. போஸ்ட்ல பட்டு வெளிய போற பந்து, ஸ்ட்ரைக்கருக்கு காயம், வரிசையா பெரிய டீமுங்களோட மேட்ச், எல்லாம் ஒண்ணா சேர்ந்து வந்தப்போ. அது என்னிக்கும் அப்படியே இருக்காது. புது ஆள் வர்ற நேரத்துல காயம் ஆறி ரெண்டு பேர் திரும்பி வந்திருப்பாங்க, அடுத்த நாலு மேட்ச் சுமாரான டீமுங்களோட இருக்கும். வெளியில உக்கார வெச்ச ஆளுங்களுக்கு புது கோச்கிட்ட இடம் புடிக்கணும்னு வேகம் வரும், அதையும் மறுக்க முடியாது, ஆனா அந்த வேகம் எத்தனை வாரம் தாங்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சொல்லப்போனா நிஜமாவே பெரிய கோச்சுங்க சில பேருக்கு இந்த ஆரம்ப ஜோரே இருக்காது. 2022 அக்டோபர்ல ஷாபி அலோன்சோ ஜெர்மன் கிளப்பு லெவர்குசனுக்கு வந்தப்போ டீம் 17வது இடம். முதல் மேட்ச் ஷால்கேயை 4-0 அடிச்சாங்க, சரி வந்துட்டாருடான்னு நினைச்சா அடுத்தது போர்ட்டோகிட்ட 0-3, அதுக்கு அடுத்தது ஃப்ராங்க்ஃபர்ட்ல 1-5. அந்த வாரம் ஓட்டெடுப்பு வெச்சிருந்தா ரசிகர்கள் என்ன சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சா சிரிப்பு வருது. அந்த சீசன் ஆறாவது இடத்துல முடிஞ்சுது, அடுத்த சீசன் லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்காம சாம்பியன்.

கே: அப்போ நிஜமா மாறியிருக்கா, லக்கான்னு என்னை மாதிரி சாதாரண ஆளு எப்படிக் கண்டுபிடிக்கறது? எக்ஸ்.ஜி. எக்ஸ்.ஜி.ன்னு எல்லாரும் பேசுறாங்க, ஒண்ணும் புரியல.

ப: எக்ஸ்.ஜி.ன்னா எக்ஸ்பெக்டட் கோல்ஸ், எதிர்பார்க்கற கோல் கணக்கு, ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. ஒரு ஷாட் அடிக்கற இடம், கோணம், தலையா காலா, இதெல்லாம் வெச்சு அது கோல் ஆக எவ்வளவு வாய்ப்புன்னு 0லேர்ந்து 1க்குள்ள ஒரு நம்பர் போடுவாங்க. பெனால்டின்னா 0.76 பக்கம் வரும், முப்பது கஜத்துலேர்ந்து அடிச்சா 0.03, 0.04 அப்படி. மேட்ச் பூரா கூட்டினா, இவ்வளவு வாய்ப்புக்கு சாதாரணமா எத்தனை கோல் வந்திருக்கணும்னு தெரியும். உங்க டீம் வாரா வாரம் 1-0ன்னு ஜெயிக்குது, ஆனா எக்ஸ்.ஜி.ல எதிர் டீம்தான் முன்னாடி இருக்குன்னா, உங்களை ஜெயிக்க வைக்கறது கோல்கீப்பர்.

ஆனா நம்பரைப் பார்க்காமலே கண்ணால பார்க்கக் கூடியது ஒண்ணு இருக்கு, என்ன மாறிச்சுன்னு ஒரே வரியில உங்களால சொல்ல முடியுதா? 2016 செப்டம்பர்ல செல்சி ஆர்சனல்கிட்ட முதல் பாதியிலயே 0-3. கோச் அன்டோனியோ கான்டே 55வது நிமிஷம் ஃபாப்ரேகாஸை வெளிய எடுத்துட்டு மார்கோஸ் அலோன்சோவை எறக்கினாரு, பின்னாடி மூணு டிஃபெண்டர்னு மாத்தினாரு. அந்த மேட்ச்சை காப்பாத்தல, 0-3தான். ஆனா அடுத்த மேட்ச்லேர்ந்து அதே அமைப்பு, அதுவரைக்கும் வருஷா வருஷம் கடன் குடுத்து அனுப்பிட்டு இருந்த விக்டர் மோசஸை வலது ஓரத்துல மேலயும் கீழயும் ஓட விட்டாரு, வரிசையா 13 லீக் வெற்றி, சீசன் முடிவுல 93 பாயிண்டோட சாம்பியன். இதுல என்ன மாறிச்சு, யார் மாத்தினது, எந்த நிமிஷம் மாத்தினதுன்னு விரல் வெச்சுக் காட்டலாம்.

உங்க டீம்ல அப்படிக் காட்ட முடியலன்னா, ‘பசங்க இப்போ நம்பிக்கையோட ஆடறாங்க’ன்னு மட்டும்தான் சொல்ல முடியுதுன்னா, கொஞ்சம் பயப்படுங்க. நம்பிக்கை ரெண்டு தோல்வியில போயிடும். நான் வழக்கமா பார்க்கறது, ஒரு கோல் பின்தங்கின பிறகு அந்த டீம் என்ன பண்ணுதுங்கிறதை. பழைய டீம் மாதிரி நீளமா தூக்கி அடிக்க ஆரம்பிச்சா மாறலன்னு அர்த்தம்.

கே: எங்க கிளப்பு ‘கோச் மீது முழு நம்பிக்கை இருக்கிறது’ன்னு அறிக்கை விட்டுட்டாங்க. இனிமே நிம்மதியா இருக்கலாமா?

ப: 2017 பிப்ரவரி 7ம் தேதி லெஸ்டர் சிட்டியும் இப்படித்தான் கிளாடியோ ரனியேரிக்கு அசையாத ஆதரவுன்னு அறிக்கை விட்டாங்க. 23ம் தேதி தூக்கிட்டாங்க. பிரச்சனையே இல்லாத கோச்சைப் பத்தி எந்த கிளப்பாவது அறிக்கை விட்டுப் பார்த்திருக்கீங்களா?

கே: கோப்பை ஜெயிச்சுக் குடுத்தவரை தூக்கறதெல்லாம் என்ன நியாயம்? டாட்டன்ஹாம் பண்ணது துரோகம் இல்லையா?

ப: இதுல என்னோட சண்டைக்கு வரப்போறீங்க, பரவால்ல. 2025 மே 21, பில்பாவோ, யூரோப்பா லீக் ஃபைனல், மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0ன்னு அடிச்சு 17 வருஷத்துக்கு அப்புறம் டாட்டன்ஹாமுக்கு ஒரு கோப்பை வந்துது. ஆஞ்ச் போஸ்டகோக்லு கோப்பையைத் தூக்கினாரு, ஊர்வலம் எல்லாம் நடந்துது, ஜூன் 6ம் தேதி வேலை போச்சு. கேக்க கொடூரமாதான் இருக்கு. ஆனா அதே சீசன் லீக்ல 38 மேட்ச்ல 22 தோல்வி, 17வது இடம், அதுக்குக் கீழ போனா டிவிஷனே மாறும். ஒரு பக்கம் மறக்க முடியாத ராத்திரி, இன்னொரு பக்கம் ஆகஸ்ட்லேர்ந்து மே வரைக்கும் நடந்த விஷயம். அந்த ராத்திரிக்கு சிலை வைக்கலாம், நன்றி சொல்லலாம், ஆனா அடுத்த ஆகஸ்ட்டுக்கான வேலையை அதுக்குப் பரிசா குடுக்கக் கூடாதுங்கிறது என் கட்சி. துரோகம்னு நான் சொல்ல மாட்டேன்.

செல்சி கோச்சா இருந்த டி மட்டேயோ விஷயம் வேற. 2012 மார்ச்ல செல்சி இவர்கிட்ட டீமைக் குடுத்தப்போ சாம்பியன்ஸ் லீக்ல நாப்போலிகிட்ட முதல் லெக்ல 1-3 தோத்துட்டு நிக்கறாங்க. திருப்பி 4-1. பார்சிலோனா மண்ணுல ஜான் டெர்ரிக்கு ரெட் கார்டு, பத்து பேரோட 2-2. ஃபைனல்ல பேயர்ன் சொந்த மைதானத்துலயே, முல்லர் 83வது நிமிஷம் அடிக்க, 88ல ட்ரோக்பா தலையால முட்டி சமன் பண்ணி, பெனால்டியில கோப்பை. எஃப்.ஏ. கப்னு இங்கிலாந்தோட நாக் அவுட் கோப்பை வேற. சரி, இந்த மேட்சையெல்லாம் பார்த்தவங்க யாரா இருந்தாலும் இது அடுத்த சீசனும் இப்படியே நடக்கும்னு நினைக்க மாட்டாங்க, அத்தனையும் நூலிழைதான். லீக்ல ஆறாவது இடம் வேற. ஓனர் அப்ரமோவிச்சும் அப்படி நினைச்சிருந்தா ஜூன்லயே கை குலுக்கி அனுப்பியிருக்கலாம். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் குடுத்துட்டு நவம்பர்ல யுவென்டஸ்கிட்ட 0-3 தோத்த மறுநாளே வெளியேன்னா, அது மனசில்லாம குடுத்த வேலை.

இதை விட மோசம் 2024ல மான்செஸ்டர் யுனைடெட். லீக்ல எட்டாவது, ஆனா எஃப்.ஏ. கப் ஃபைனல்ல மான்செஸ்டர் சிட்டியை 2-1 அடிச்சாச்சு. கிளப்பு அந்த கோடையில வேற கோச்சுங்ககிட்ட பேசிப் பார்த்தாங்க, யாரும் தோதுப்படல, சரி அப்போ இருந்த கோச் டென் ஹாக்கே இருக்கட்டும்னு ஒரு வருஷம் கான்ட்ராக்ட்டும் நீட்டினாங்க, புது ஆளுங்களையும் வாங்கிக் குடுத்தாங்க, அக்டோபர் 28ம் தேதி 14வது இடத்துல இருந்தப்போ தூக்கினாங்க. வெச்சுக்கறதுன்னா மனசார வெச்சுக்கணும், அனுப்பறதுன்னா கோடையில அனுப்பணும். ஒரு கோடையும், அவர் கேட்ட ஆளுங்களுக்கான காசும், நஷ்டஈடும் சேர்த்து வீணாப் போச்சு.

கே: தோத்தா தூக்கறாங்க, புரியுது. டேபிள்ல மேல ஏத்தி விட்டவரை ஏன் அனுப்பறாங்க?

ப: ஏன்னா டேபிள் மட்டும்தான் வெளிய தெரியும். நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வந்தது 2023 டிசம்பர்ல. கீழ எறங்காம காப்பாத்தினாரு, அடுத்த சீசன் ஏழாவது இடம், கிட்டத்தட்ட 30 வருஷத்துக்கு அப்புறம் யூரோப்பிய போட்டிக்கு டிக்கெட். 2025 ஜூன்ல மூணு வருஷ கான்ட்ராக்ட். செப்டம்பர்ல வேலை போச்சு, சீசன்ல மூணே மேட்ச் ஆடியிருந்தாங்க. நடுவுல என்ன நடந்துது? ஆளுங்களை வாங்கறது விக்கறதைப் பார்க்க கிளப்புக்கு எடு (Edu)னு ஒரு அதிகாரி வந்தாரு, நூனோ ஓனர் மரினாகிஸ்கூட முன்ன மாதிரி உறவு இல்லன்னு பிரஸ் மீட்லயே போட்டு உடைச்சாரு. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.

முன்னாடியெல்லாம் மேனேஜர்னா ஆள் வாங்கறது, விக்கறது, பயிற்சி, இளைஞர் டீம் எல்லாம் அவர் கையில. இப்போ ‘ஹெட் கோச்’னு போர்டு மாட்டிட்டாங்க, ஆள் எடுக்கறது ஸ்போர்ட்டிங் டைரக்டர், காசைப் பிடிச்சுக்கறது ஓனர், தோத்தா மைக் முன்னாடி உக்கார்றது மட்டும் கோச். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, டீம் மேல வந்தாதான் இந்த சண்டையே பெருசாகும். கீழ கெடக்கறப்போ எல்லாருக்கும் ஒரே குறிக்கோள், தப்பிச்சா போதும். ஏழாவது இடத்துக்கு வந்துட்டா அந்தப் பெருமை யாருக்குன்னு கேள்வி வரும், கோச்சுக்கு வாய் கொஞ்சம் நீளும், எனக்கு இவர் வேணும் அவர் வேணும்னு கேப்பாரு. டோனி புலிஸ் 2013-14ல கிரிஸ்டல் பேலஸை அடிமட்டத்துலேர்ந்து 11வது இடத்துக்கு கொண்டு வந்து அந்த சீசனோட சிறந்த மேனேஜர் விருதும் வாங்கினாரு, அடுத்த சீசன் தொடங்க ரெண்டு நாள் இருக்கறப்போ கிளம்பிட்டாரு. ஆள் வாங்கற தகராறுதான்.

ஃபாரஸ்ட் கதைக்கு வால் ஒண்ணு இருக்கு. நூனோ இடத்துக்கு வந்தது, மேல சொன்ன அதே போஸ்டகோக்லு. எட்டு மேட்ச், ஒரு வெற்றி கூட இல்ல, 39 நாள். செல்சிகிட்ட 0-3 தோத்து கொஞ்ச நிமிஷத்துல அறிவிப்பு வந்துடுச்சு.

கே: பொறுமையா இருந்தா பலன் கிடைக்கும்னு ஃபெர்குசன், ஆர்டெட்டா பேரைச் சொல்லி வாயை அடைக்கிறாங்க. எவ்வளவு நாள்தான் பொறுக்கறது?

ப: ஃபெர்குசன் பேரைச் சொல்லாம இந்த விவாதமே முடியாது போல. 1986 நவம்பர்ல மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தாரு, முதல் கோப்பை 1990 மே. நடுவுல 1989 டிசம்பர்ல ரசிகர்களே போய் வாங்கன்னு பேனர் புடிச்சாங்க, 1990 ஜனவரில ஃபாரஸ்ட் மேட்ச்ல மார்க் ராபின்ஸ் அடிச்ச கோல்தான் அவர் வேலையைக் காப்பாத்துச்சுன்னு ஒரு கதை இன்னிக்கும் ஓடுது. ஆனா அப்போ சேர்மனா இருந்த மார்ட்டின் எட்வர்ட்ஸ், அவரைத் தூக்கற எண்ணமே இல்லன்னு பிற்பாடு சொல்லிட்டாரு. பொறுத்ததால ஃபெர்குசன் கிடைச்சார்ங்கிறது உண்மைதான். பொறுத்துப் பொறுத்து கீழ் டிவிஷனுக்கு போன கிளப்புங்களோட கதையை யாரும் சொல்றதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம். நியூகாசில் 2012ல அஞ்சாவது இடம் வந்த ஜோர்ல ஆலன் பார்டியூவுக்கு எட்டு வருஷம், ஆமா எட்டு வருஷம், கான்ட்ராக்ட் குடுத்தாங்க. அந்த அஞ்சாவது இடத்துக்கு அடுத்த சீசனே 16வது இடம்.

ஆர்டெட்டா உதாரணம் கொஞ்சம் நியாயமானது. 2020 டிசம்பர்ல ஆர்சனல் 15வது, லீக்ல ஏழு மேட்ச்சா ஜெயிக்கல. கிறிஸ்துமஸ் மறுநாள் செல்சியோட மேட்ச்ல எமில் ஸ்மித் ரோவை நடுவுல எறக்கினாரு, 3-1. அப்போகூட உடனே எல்லாம் சரியாகல, அந்த சீசன் எட்டாவதுதான், அடுத்த சீசன் முதல் மூணு மேட்ச்சும் தோல்வி. ஆனா கிளப்பு வெச்சிருந்தது சும்மா பொறுமைக்காக இல்ல. பெரிய சம்பளக்காரங்களை ஒவ்வொருத்தரா அனுப்பறது, சின்ன வயசுப் பசங்களை வாங்கறது, இதுல மேல இருக்கறவங்களும் கோச்சும் ஒரே பேச்சுல இருந்தாங்க. தோத்தப்போகூட ஏன் வெச்சிருக்கோம்னு அவங்களால சொல்ல முடிஞ்சுது.

எனக்குப் புடிச்ச உதாரணம் இதெல்லாம் இல்ல, ஜெர்மனியில ஃப்ரைபுர்க். சின்ன கிளப்பு. 2011 டிசம்பர் கடைசியில, கடைசி இடத்துல இருந்தப்போ, உதவி கோச்சா இருந்த கிறிஸ்டியன் ஷ்ட்ரைக்கை தலைமைக்கு ஏத்தினாங்க. காப்பாத்தினாரு, அடுத்த சீசன் அஞ்சாவது இடம். ஊரே கொண்டாடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 2015ல, அதே ஷ்ட்ரைக் கையில டீம் ரெண்டாவது டிவிஷனுக்கு எறங்கிடுச்சு. தூக்கல. ரெண்டாவது டிவிஷனுக்கும் அவர்தான் கோச். 2016ல சாம்பியனா திரும்பி வந்தாங்க, 2022ல ஜெர்மன் கப் ஃபைனல் வரைக்கும் போனாங்க, 2024ல அவரா கிளம்பற வரைக்கும் இருந்தாரு. நல்ல ஆளுங்களை மத்த கிளப்பு வருஷா வருஷம் வாங்கிட்டுப் போகும், அந்தக் குழியை கோச்தான் நிரப்பணும், எப்போவாவது ஒரு வருஷம் நிரம்பாதுன்னு கிளப்புக்கு முன்கூட்டியே தெரியும். எவ்வளவு நாள் பொறுக்கறதுன்னு கேட்டீங்களே, கிளப்புக்கு அவர்கிட்ட என்ன எதிர்பார்க்கிறோம்னு தெரிஞ்சிருந்தா நாளும் தெரியும். தெரியாதவங்கதான் வாரா வாரம் ஸ்கோர்போர்டைப் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க.

கே: டோர்னமென்ட் நடுவுல கோச்சை மாத்தி கப்பு அடிச்சவங்க யாராவது உண்டா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

ப: உண்டு, சினிமாக்காரங்ககூட இப்படி எழுதத் தயங்குவாங்க. 2024 ஆப்பிரிக்க கோப்பை, நடத்தறது ஐவரி கோஸ்ட். குரூப் மேட்ச்ல நைஜீரியாகிட்ட 0-1, அப்புறம் சொந்த மண்ணுல ஈக்வடோரியல் கினிகிட்ட 0-4. கோச் ழான் லூயி காசே வெளிய. வேற குரூப்ல மொராக்கோ ஜாம்பியாவை அடிச்சதால, மூணாவது இடத்துல வந்த சிறந்த டீம்னு எப்படியோ நாக் அவுட்டுக்குள்ள நுழைஞ்சுட்டாங்க. இப்போ டீம் இருக்கு, கோச் இல்ல. ஃபிரான்ஸ் பெண்கள் டீம் கோச்சா இருந்த ஹெர்வே ரெனார்டை கடனாக் கேட்டுப் பார்த்தாங்க, ஃபிரான்ஸ் முடியாதுன்னுட்டாங்க. சரின்னு உதவி கோச் எமர்ஸ் ஃபேகிட்ட குடுத்தாங்க. நடப்பு சாம்பியன் செனகலை பெனால்டியில, மாலியை பத்து பேரோட எக்ஸ்ட்ரா டைம் கடைசி நொடியில, காங்கோவை 1-0, ஃபைனல்ல அதே நைஜீரியாவை 2-1. கெஸ்ஸி ஒண்ணு, புற்றுநோய்லேர்ந்து மீண்டு வந்த ஹாலர் ஒண்ணு. ஃபேவுக்கு வேலை நிரந்தரமாச்சு. இங்க மட்டும் நான் பொறுங்கன்னு சொல்லியிருக்க மாட்டேன், தேசிய டீமுக்கு அடுத்த மேட்ச் உடனே வராது, பொறுத்தாலும் பார்த்து முடிவு பண்ண புதுசா எதுவும் இருக்காது.

கே: ரசிகர்கள் சேர்ந்து கோச் பேரைக் கூவினா ஓனர் கேப்பாங்களா?

ப: டி மட்டேயோவை அனுப்பின பிறகு செல்சி ரசிகர்கள் மேட்ச்சுக்கு மேட்ச் 16வது நிமிஷம் கை தட்டினாங்க, அவர் ஆடினப்போ போட்ட ஜெர்சி நம்பர் 16. புதுசா வந்த பெனிட்டஸை சீசன் பூரா திட்டினாங்க. ஓனர் கண்டுக்கல. பெனிட்டஸ் மூணாவது இடமும் யூரோப்பா லீக் கப்பும் ஜெயிச்சுக் குடுத்துட்டு கிளம்பிட்டாரு. கூவறது நம்ம திருப்திக்கு, கூவுங்க.

கே: தூக்கினா மிச்ச வருஷ சம்பளம் பூரா கோச்சுக்கு கிடைக்குமா? அப்போ அவங்களுக்கு என்ன நஷ்டம், நாம ஏன் பரிதாபப்படணும்?

ப: பூரா கிடைக்கும்னு கிடையாது, பேச்சுவார்த்தைதான். முன்னாடியே அனுப்பினா இத்தனை மாச சம்பளம் மட்டும்தான்னு ஒரு நிபந்தனை (break clause) போடற கிளப்பு உண்டு, வேற வேலை கிடைக்கற வரைக்கும் மாசா மாசம் குடுக்கற கிளப்பு உண்டு. இல்லாட்டி கோர்ட்டு. கான்டேவையே எடுத்துக்கோங்க, அந்த 13 வெற்றி, சாம்பியன் பட்டம், 2017 ஜூலைல சம்பளம் ஏத்தி புது கான்ட்ராக்ட். அடுத்த சீசன் அஞ்சாவது இடம், எஃப்.ஏ. கப் ஜெயிச்சும் 2018 ஜூலைல அனுப்பிட்டாங்க. அவருக்கும் அவரோட உதவியாளர்களுக்கும் வக்கீல் செலவுக்கும் சேர்த்து செல்சி கணக்குல எழுதினது 2.66 கோடி பவுண்டு. டென் ஹாக் குழுவுக்கு யுனைடெட் குடுத்தது 1.04 கோடி பவுண்டு.

கோச்சுக்காக பரிதாபப்பட வேண்டாம், சரிதான். ஆனா அந்தக் காசு ஜனவரில ஒரு லெஃப்ட் பேக் வாங்கியிருக்க வேண்டிய காசு. அதனால உங்க டீம் கோச்சுக்கு புது கான்ட்ராக்ட்னு செய்தி வந்தா எத்தனை வருஷம்னு பார்த்து சந்தோஷப்படறதுக்கு முன்னாடி, நடுவுல அனுப்பினா எத்தனை மாசம்னு எங்கேயாவது எழுதியிருக்கான்னு தேடிப் பாருங்க. பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டாங்க.